வரி

சர் கிறிஸ்பின் ஹால்ஷம்
முப்பத்தொரு வருடம் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்.
பேசியது ஒரே ஒரு முறை,
சன்னல்களுக்கு வரி போடுவதை எதிர்த்து.
அவர் மாளிகையில் தொண்ணூற்று நான்கு சன்னல்கள்.

"வெளிச்சம் கடவுளுடையது, கனவான்களே.
அதற்கு ரசீது கிழிக்க நாம் யார்?"
பின்வரிசையில் ஒருவர் விழித்துக்கொண்டார்.
வரி அப்படியே இருந்தது.

அவரை அனுப்பிய தொகுதியில் வாக்காளர்கள் பதினேழு பேர்.
பதினாறு பேர் அவருடைய குத்தகைக்காரர்கள்,
மிச்சமிருந்த பாதிரியாரின் பிழைப்பும் அவர் கையில்.
தேர்தலன்று மாட்டிறைச்சி, பீர், ஆளுக்கொரு நீல நாடா.
எதிர்த்து ஒருவரும் நிற்காததால்
எண்ணுகிற வேலையும் மிச்சம்.

இதற்கெல்லாம் முன்பு
இருபத்தாறு வயதில், தகப்பன் செத்த ஆண்டு,
கிழக்குச் சன்னலில் கோப்பையோடு நின்றவருக்கு
ஆல்டர்பி கிராமம்
கண்ணில் விழுந்த உமியாய் உறுத்தியது.
முப்பது கூரை, முப்பது புகை,
வேலிமேல் காயும் உள்பாவாடைகள்.
பன்றிகள்.

"கொஞ்சம் தள்ளி இருக்கட்டுமே" என்றார்.
அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை.

கொஞ்சம் என்பது இரண்டு மைல்,
மேட்டுக்கு அந்தப் பக்கம்.
செங்கல் வீடுகள், நல்ல வீடுகள்,
அதையும் சொல்லத்தான் வேண்டும், ஒழுகாது.
பூங்காவைப் பார்த்துச் சன்னல் மட்டும் வைக்கக் கூடாது.

பழைய இடத்தில் புல் விதைத்தார்கள்.
ஓடையை மறித்து ஓர் ஏரி, ஏரியில் இரண்டு அன்னம்.
லண்டனிலிருந்து வந்த ஓவியர் அதை வரைந்துவிட்டு
'மனிதக் கை படாத நிலம்' என்று
படத்தின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் நாற்பத்தெட்டு வருடம்.
மனைவி போனார். மகன் கடனோடு கலேவுக்கு ஓடினான்.
வாதம் வந்து வாய் இடப்பக்கம் கோணியது.
சக்கர நாற்காலியைத் தினமும்
அதே கிழக்குச் சன்னலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு மழையே இல்லாத கோடை அது.
ஏரி சுருங்கி, அன்னங்கள் சேற்றில் நடந்தன.
புல் வெளிறத் தொடங்கியது,
எல்லா இடத்திலும் ஒன்றுபோல அல்ல.
அடியில் கல் கிடந்த இடம் முதலில் காய்ந்தது.
பச்சையில் மஞ்சளாய் ஒரு கோடு.
மறுநாள் நான்கு.
ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள்
முப்பது வீடும் வந்து சேர்ந்துவிட்டன
சுவரின் தடிமன் மாறாமல்,
வாசல் இருந்த இடத்தில் இடைவெளி விட்டு,
வரி வரியாக.
பன்றிக்கொட்டில் கிடந்த இடம் மட்டும்
கொழுத்த பச்சை.

விரலை நீட்டி, நீட்டி, எதையோ கேட்டார்.
தண்ணீர் என்று புரிந்துகொண்டார்கள்.
பன்னிரண்டு ஆட்கள் ஏரியிலிருந்து வாளி வாளியாய்
மூன்று நாள் ஊற்றினார்கள்.
கோடுகள் குடித்தன. கோடுகளாகவே இருந்தன.

மூன்றாம் நாள் மதியம்
எலிவளை தோண்டிப் பிழைக்கும் ஜேபஸ் ஸ்கட்டர்
வாளியைக் கீழே வைத்தார்.
குறுக்கே நடக்கவில்லை. சுற்றிப் போய்
இடைவெளி வழியாக உள்ளே நுழைந்தார்,
இல்லாத நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து.
ஊர் பெயர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது;
அந்த உயரத்துக்குத் தலை இடித்திருக்காது.
மூலையில் உட்கார்ந்து
சாயங்காலம் வரை எழவில்லை.

மற்றவர்களும் அதற்குப் பிறகு
சுவர்களை மிதிக்காமல் நடந்தார்கள்.

சன்னலில் நாற்காலி அசையவில்லை.
திரையை இழுக்கட்டுமா என்றாள் பணிப்பெண் டமாரிஸ்.
அவர் வாய் திறந்தது.
இரண்டாவது உரையாக இருந்திருக்கலாம்.
அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

செப்டம்பரில் மழை. எல்லாம் பச்சை.
எஸ்டேட் கணக்கேட்டில் அந்தக் கோடைக்கு
ஒரு வரி உண்டு:

கிழக்குப் புல்வெளிக்கு நீர், பன்னிரண்டு ஆள், மூன்று நாள்,
ஸ்கட்டருக்கு அரை நாள் கூலி கழித்து
இரண்டு பவுண்டு, பதின்மூன்று ஷில்லிங், மூன்று பென்ஸ்.