ரைட் என்றால் புறப்படு

விடியற்காலை நாலே கால்.
பெல்லந்தூர் ஏரிக்கரைச் சாலையில்
தண்ணீர் லாரிகள் இன்னும் எழவில்லை.
இடுப்பில் மலையேறுகிறவர்கள் கட்டும் பெல்ட்,
சண்டே பஜாரில் முந்நூறு ரூபாய், ஒரு கொக்கி கழன்றது.
காலில் ஸ்கேட்டுகள்.
முன்னால், எட்டடிக் கயிற்றின் நுனியில்,
இருபத்தாறு கிலோ சைபீரியா.

பிறந்தது ஹொசகோட்டேயில், தகரக் கொட்டகையில்.
காகிதத்தில் அவன் பெயர் யூகான்.
வாசல் காவல் திம்மராஜு கூப்பிடுவது
யோகண்ணா.
இரண்டுக்கும் திரும்ப மாட்டான்.

ஷர்வரி மேடம் பின்லாந்து போய் ஏழு மாதம்.
சாவியும் கரண்ட் பில்லும் ஏசி ரிமோட்டும் என்னிடம்.
பதினாறுக்கு மேல் வைக்காதே என்பது
வேலை ஒப்பந்தத்தின் முதல் வரி.
போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினார்.
சறுக்குக் கட்டைமேல் ஒருத்தி,
அவள் இடுப்பிலிருந்து இரண்டு நாய்கள்,
மலைப்பாதை, இருபுறமும் பைன்,
எங்கும் ஒரு ஹாரன் இல்லை.
'ஸ்கீஜோரிங். இவனுக்கு ரத்தத்திலேயே உண்டு.'
அவனிடம் காட்டினேன்.
அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ரத்தத்தில் இருப்பது
ஆறாம் வகுப்பில்
ஸ்கேட்டிங்கில் மாவட்ட அளவில் நான்காம் இடம்.
அம்மா பஸ் கண்டக்டர்.
எங்கள் வீட்டில் ரைட் என்றால் புறப்படு.
சாப்பிட உட்காரவும் ரைட், விளக்கணைக்கவும் ரைட்.
இவனுக்கோ மேடம் சொல்லிக் கொடுத்தது
ரைட் என்றால் வலது.
முதல் நாள் நான் 'ரைட் ரைட்' என்றேன்,
வலப்பக்கம் இளநீர்க் கடை.
முழங்கால் தழும்பில் இன்னும்
தேங்காய் நார் இருக்கிறதோ என்று சந்தேகம்.

இன்று தப்பில்லை. காற்று எதிரே.
கயிறு விறைத்ததும் கால்களை மறந்தேன்.
தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் என்னைக் கை மாற்றின.
வேகத்தடை, குனி.
மூடாத சாக்கடை, இடது, இடது, அட இடதுடா!
அவன் மூச்சு எனக்குக் கேட்டது,
என் மூச்சு அவனுக்கு.

அப்போதுதான்
கம்பிவேலியைத் தாண்டி
வெள்ளை வெள்ளையாய்ப் பறந்து வந்தது.

இரவு மழைக்கு ஏரி பொங்கியிருக்கிறது.
வேலியில் ஒட்டி, சாலையில் புரண்டு,
ஒரு மாருதியின் கண்ணாடிவரை ஏறி நிற்கிற நுரை.
பார்த்ததும் அவன் வால் நிமிர்ந்தது.
அந்த ஒரு இழுப்பு
ஏழு மாதத்தில் நான் காணாதது.
ஹோல்டான் என்றேன், நில்லு என்றேன், நிந்த்கோ என்றேன்,
மூன்று மொழியும் தோற்றுக் குதிகால் தேய்ந்தது.

முழங்கை உயரத்துக்கு வெள்ளை.
மூக்கை நுழைத்தான்.
நின்றான்.

ஒரு தும்மல்.
பின்வாங்கி, முன்காலை உதறி,
மறுபடி முகர்ந்து,
முகத்தைத் திருப்பிக்கொண்டான்,
கல்யாணப் பந்தியில்
தப்பான வரிசையில் உட்கார்ந்துவிட்டவரைப் போல.

பனியைக் கண்டதே கிடையாது அவன்.
எது பனியில்லை என்று யார் சொன்னார்கள்?
நானும் கண்டதில்லை.
நான் இன்னும் ஒரு நொடி பார்த்துக்கொண்டு நின்றேன்,
அழகாகத்தான் இருந்தது,
கண் எரியும்வரை.

ஸ்கேட்டுகளைக் கழற்றித் தோளில் போட்டேன்.
சாக்ஸோடு நடந்தோம்.
'யோகண்ணா, காபி ஆய்த்தா?' என்றார் திம்மராஜு.
நாலு காலையும் மூன்று முறை கழுவினேன்,
அந்தச் சோப்புத் தூள் நாற்றம் போகிற வழியாயில்லை.

ஏசி பதினாறு.
அவன் டைல்ஸில் நீளமாய்ச் சாய்ந்தான்.
நான் மேடத்தின் கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தேன்.
சற்று நேரத்தில்
தூக்கத்திலேயே அவன் முன்கால் அசைந்தது,
பிறகு பின்கால்,
நகம் டைல்ஸைக் கீறிற்று.
எழுப்பக் கையை நீட்டியவள்
நிறுத்தினேன்.
காதருகே போய், சத்தம் வராமல் சொன்னேன்,
ரைட். ரைட்.