நீடாமங்கலம் கேட்டில் ‘வளை’

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.
அதில் அறுபது பேர் நான்.

கேட் சாத்தியாகிவிட்டது.
ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் பெட்டி,
பெட்டிக்குள் இருபத்தாறு பேருடைய ரத்தம்.
ஒன்பதரைக்குள் தஞ்சாவூர் லேபில் இறக்க வேண்டும்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
இன்ஜினைக் கழற்றி மறுதலையில் மாட்டும்வரை
இந்த ஊரில் ஒருவருக்கும் அவசரம் கிடையாது.

அதனால் ‘வளை’.

ஒரு நண்டு.
விடியலில் பாயைச் சுருட்டுவதுபோல்
தன் வளையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு
திருத்துறைப்பூண்டி பஸ் ஏறுகிறது.
சுமைக்கு டிக்கெட் எடு என்கிறார் கண்டக்டர்.
வெறும் ஓட்டைக்கு என்ன எடை என்கிறது நண்டு.
ஜன்னலோரம் ஒரு டிரான்ஸ்பார்மர்
தலை சீவிக்கொண்டிருக்கிறது.
யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை,
தினமும் ஏறும் ஆள்போல.

தாளம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.
தகர டப்பாவில் நெல்லைக் குலுக்கியதா,
மோட்டார் கொட்டகையின் தாழ்ப்பாளா, தெரியாது.
அதன் மேல் அந்தப் பெண் குரல்,
கூட்டத்தில் இடம் கேட்கும் அதே எரிச்சலோடு:
தள்ளி உக்காரு.
தள்ளி உக்காரு.
பாட்டு முழுக்க வார்த்தை அவ்வளவுதான்.

என் இயர்போனில் வலது காது செத்து நாலு மாதம்.
இடது பாதியை மட்டுமே கேட்டுப் பழகியிருந்தேன்.
லேபில் ரெபேக்காவிடம் இரவல் வாங்கிக் கேட்ட அன்று
வலது பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள்,
ஒவ்வொரு எட்டாம் அடிக்கும், சரியாகத் தாளத்தில்.
அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.
இவ்வளவு வேலையை
யார் கேட்பார்கள் என்று செய்து வைத்தார்கள்?

நண்டு வளையைப் பஸ் தரையில் விரிக்கிறது.
கண்டக்டர் விழுகிறார். ஒரு பள்ளிக்கூடப் பை விழுகிறது.
டிரைவர் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு,
தானே இறங்குகிறார்.
பஸ் பாட்டுக்குப் போகிறது.

கீழே எல்லோரும் ஆடுகிறார்கள்.
வரைந்தவனுக்குப் பாதம் வராது என்று நினைக்கிறேன்.
முழங்கால்வரை சேற்றில் இறக்கிவிட்டான் அத்தனை பேரையும்.
அந்தத் திருட்டுத்தனம்தான் ஆட்டத்தைக் காப்பாற்றியது.
கால் எடுக்க முடியாதவர்களின் ஆட்டம்
இடுப்பில் ஏறி, தோளில் ஏறி
விரல் நுனியில் போய் வெடிக்கிறது.
நடவு வயலில் வரப்புக்கு ஏற நேரமில்லாமல்
நின்ற இடத்திலேயே இடுப்பை நிமிர்த்தியவர்களுக்கு
இது புரியும்.

இரண்டு நிமிடம் நாற்பத்தோராவது நொடியில்
எல்லாம் நிற்கிறது.
நண்டு நம்மைப் பார்க்கிறது.
நிறுத்தி எண்ணினேன்: கொடுக்கு இரண்டு, கால் ஒன்பது.
அடுத்த நொடி எட்டு.
பிழையா, கண்ணடிப்பா?
பிழை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

கடைசியில் பெயர்கள்:
குரலும் தாளமும் அமலோற்பவம்.
படம் நைனா முகமது, கூத்தாநல்லூர்.
நன்றி, கரண்ட் போகாத மூன்று இரவுகளுக்கு.

மூன்று பேருக்கு அனுப்பினேன்.
கொழுந்தன் கட்டைவிரல் காட்டினான்.
சூப்பர்வைசர் கேட்டார், இது எந்தக் கம்பெனி விளம்பரம்?
மூன்றாவது ஆள் இன்னும் திறக்கவில்லை.

இன்று இயர்போனைப் பிடுங்கிவிட்டேன்.
செல்லில் இருந்த சத்தம் அத்தனையும் கேட்டடியில் கொட்டியது.
பக்கத்து டிவிஎஸ்ஸில்
இரண்டு கூடை வாத்துக் குஞ்சோடு நின்றவர்
ஹேண்டில்பாரைத் தட்ட ஆரம்பித்தார், தன்னை அறியாமல்.
“என்ன பாட்டு அது?”
“வளை.”
“வளையலா?”
“இல்லண்ணே, நண்டு வள...”

மணி அடித்து, கேட் தூக்கி,
ஐம்பது ஹாரன் ஒரே நேரத்தில்.
அவர் எதையோ கத்தினார். வாத்துகளும் கத்தின.

கோவில்வெண்ணி தாண்டி, வண்டியை ஓரங்கட்டி,
ஐஸ் பெட்டியில் தண்ணீர் சளசளக்க, எடுத்துப் பார்த்தேன்.
முந்நூற்றுப் பதின்மூன்று.

அது நானாகவும் இருக்கலாம்.