பக்கம் ஏ, ஆறாவது பாட்டு

பிரிகேட் ரோட்டில் படியிறங்கிப் போகும் கடை.
நாற்பத்திரண்டு ரூபாய்.
ஆளுக்குப் பத்தரை என்று பேச்சு,
ஜெயசீலன் மட்டும் பத்து கொடுத்தான்.
அந்த எட்டணா இன்னும் வரவில்லை.

அட்டையில் நான்கு சடைமுடிக்காரர்கள்
ஒரு பாலத்தின் மேல்,
யாரும் யாரையும் பார்க்காமல்.
பதினைந்து வருஷம் சேர்ந்து வாசித்ததில்
பன்னிரண்டுதான் தேறிற்று என்று
எங்கோ ஓர் ஆபீஸில் எவரோ முடிவுசெய்து
'மிகச் சிறந்தவை' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்.
பம்பாயில் அச்சடித்த புண்ணியவான்
முதுகுப் பக்கத்தில் குழுவின் பெயரையே தப்பாக அடித்திருந்தான்.
அந்தத் தப்பைத்தான்
ஐந்து வருஷம் பக்தியோடு உச்சரித்தோம்.

வாரத்துக்கு ஒரு வீடு, முறை வைத்துக் கேட்டோம்.
என் வாரம் வந்தால்
நைட் ஷிப்ட் முடித்து அப்பா உறங்குவார்.
பாட்டுப்பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்து
மேலே காதை வைப்பேன்.
பஞ்சைத் தாண்டி வந்தது
அந்த அடித்தொண்டைக் கிட்டார் மட்டும்தான்.
அதனால்தான் பேஸ் வாசித்தேன்.
வேறு காரணம் இருந்ததாகச் சொன்னதெல்லாம்
பெண்களிடம் சொன்னது.

மர்ஃபி டவுனில் நெவில் வீட்டு ஷெட்,
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கோதண்டம் 'கோடி' ஆனான்,
கூலிங் கிளாஸோடு இருட்டில் பாடினான்.

ஆறாவது பாட்டு
பாதியில் அறுந்துவிடும்.
கிட்டார் ஏறி ஏறி
உச்சிக்கு ஒரு படி இருக்கையில்
கடக்.
நாடா தீர்ந்துபோனது.
பாட்டே அப்படித்தான் என்று நம்பினோம்.
சொல்ல வந்ததைச் சொல்லாமல்
கதவை அறைந்துவிட்டுப் போகிறவனின் பாட்டு.
என்ன துணிச்சல்டா இவனுங்களுக்கு என்றான் நெவில்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரி விழா.
அப்படியே வாசித்தோம், நாலு பேரும் ஒரே வெட்டில் நின்றோம்.
ஜெயசீலன் சிம்பலைக் கையால் பிடித்து அடக்கினான்.
கரண்ட் போய்விட்டதென்று
ஒரு மூச்சு நேரம் நினைத்தது கூட்டம்.
அப்புறம் எழுந்ததே ஒரு கூச்சல்,
அதற்கு மேல் எனக்கு எதுவும் நடக்கவில்லை,
கல்யாணத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றில்
ஆம்ப்ளிஃபையர் யாருக்கு என்று
நானும் கோதண்டமும் பேசிக்கொண்டிருந்தோம்.
பேச்சின் நடுவிலேயே வண்டியை உதைத்துப் போனான்.

போன மாதம் மெட்ரோவில்,
மகன் போட்டுக்கொடுத்த போனில்,
அதே தொகுப்பு. மெருகேற்றிய பதிப்பாம்.
டிரினிட்டி தாண்டிற்று, கிட்டார் ஏறிற்று,
என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது
கேசட்டைத் திருப்ப.

பாட்டு நிற்கவில்லை.
உச்சியைத் தொட்டுவிட்டுச் சும்மா இறங்கியது.
பாடகன் திரும்பி வந்தான்.
இன்னும் இரண்டரை நிமிஷம்,
ராத்திரியில் சத்தம் வராமல்
பாத்திரம் கழுவுகிறவன் குரலில்,
தாழ்ப்பாள் போடாமல்தான் போனேன் என்கிறான்,
தப்பு என்னுடையது என்கிறான்.
இந்திரா நகரில் இறங்க வேண்டியவன்
பையப்பனஹள்ளிவரை போனேன்.

நல்ல வரிகள்தான்.
ஆனாலும் எங்கள் பாட்டு அதைவிட நல்ல பாட்டு.

கோதண்டம் இப்போது கம்மனஹள்ளியில்
மூன்று தண்ணீர் லாரி வைத்திருக்கிறான்.
நெவில் மகளிடம் நம்பர் கிடைத்தது.
ஒரு வணக்கம்கூடப் போடாமல்
பாட்டை மட்டும் அனுப்பினேன்.
இரண்டு நாள் இரண்டு நீலக் கோடு.
மூன்றாம் நாள் விடியற்காலை,
லாரி ரொப்புகிற நேரம்,
'இது டூப்ளிகேட்டு' என்று வந்தது.
சற்றுப் பொறுத்து இன்னொன்று:
'கேசட்டு இன்னும் உங்கிட்டதான் இருக்கா?'

என்னிடம் இல்லை.
அவனிடம் இருக்கிறதென்றுதான்
இத்தனை வருஷமும் கோபமாக இருந்தேன்.