ஈரக் கழிவு

காலையில் முப்பத்தோராயிரம்.
இப்போது பத்தொன்பது.
மெஷினை நம்பாமல் சில்லில் பூசி
நானே குனிந்து எண்ணினேன்.
ஊதா மணலாய் இறைந்திருக்க வேண்டிய பிளேட்லெட்
இங்கே ஒன்று.
வெகுதூரம் தள்ளி
இன்னொன்று.

பந்தலூர்க் குளிருக்குக் கொசு ஏறாது என்றார்கள்.
ஏறவில்லைதான்,
பஸ்ஸில் வந்திருக்கும்.
லைன் வீட்டுப் பின்னால் நீல டிரம்,
மூடியில்லை.

"காய்ச்சல்தான் விட்டுருச்சே,
கூட்டிட்டுப் போகவா?"
ஜன்னலில் சன்னாசி.
விட்ட பிறகுதான் பயம் என்பதை
எந்த முகத்தோடு சொல்ல?
நரம்பு கசிந்து நீர் போய்விட்டது,
மிஞ்சிய ரத்தம் கெட்டி.

பட்டை கட்டிய கையில் பொடிப்பொடியாய்ச் சிவப்பு.
அந்தக் கையாலேயே
ரிசல்ட்டை வாங்கிப் பார்க்கிறாள் யோகமலர்,
கொழுந்து எடைச் சீட்டைப் பார்க்கும் அதே சந்தேகத்தோடு.

"இது
ஈரத்துக்குக் கழிச்சதா,
இனிமேத்தான் கழிப்பீங்களா?"