ஐந்தாவது முறை

மைதுகுரியில், முகாமின் வாசலுக்கு எதிரே
தகரக் கூரைக்கடியில் என் கடை.
ஒரு ஜெனரேட்டர், நீளமான ஒரு பலகை,
நாற்பத்தொரு போன்கள்.
சார்ஜ் போட நூறு நைரா.
பெயர் எழுதி ஒட்டுவதில்லை.
கீறலைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
யாருடையதென்று.

செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குச் சற்று முன்
முதலில் புக்கரின் போன் அதிர்ந்தது.
அப்புறம் கெல்லுவுடையது.
அப்புறம் பலகை முழுக்க,
சூடேறிய சட்டியில் சோளம்போல.
கைக்கு வந்த ஒன்றை எடுத்தேன்.
"செத்துட்டான்" என்று யாரோ கத்தினார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில்
எழுவாய் இல்லாமலே புரிகிற வாக்கியம் அது.

இதற்குமுன் நான்கு முறை செத்திருக்கிறான்.
முதல் முறை ஆடு அறுத்தோம்.
இரண்டாம் முறை கோழி.
மூன்றாம் முறை ஆளுக்கொரு பேரீச்சம்பழம்.
நான்காம் முறை செத்து மூன்றே வாரத்தில்
வீடியோவில் வந்து
அந்த ஆடு என்ன விலை என்று விசாரித்தான்.

இம்முறை படம் இருக்கிறது என்றார்கள்.
கருகிய மண், ஒற்றைச் செருப்பு.
"அவன் செருப்புதான்னு யாருக்குத் தெரியும்?"
வெங்காயம் விற்கும் கியாரி கேட்டான்.
"பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?"
கூட்டத்தில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.
ஏன் தூக்கினோம் என்பதுபோல்
மெல்ல இறக்கிக்கொண்டாள்.
அதற்குமேல் அவளை யாரும் கேட்கவில்லை.

காவல்படைப் பையன்கள் வானத்தைச் சுட்டார்கள்.
ஒரு தோட்டா திரும்பி வந்து
தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது.
பெண்கள் வைதுகொண்டே வாளி பிடித்தார்கள்.
பாமா சாலை நாளைக்கே திறந்துவிடும் என்று
ஒருவர் மூட்டை கட்டினார்,
இருட்டுவதற்குள் அவிழ்த்தும்விட்டார்.

நான்கு மகள்களைத் தொலைத்த மல்லம் சன்னா
"எனக்கு அவன் உயிரோட வேணும்" என்றார்.
"ஒரு கேள்வி பாக்கி."
என்ன கேள்வி என்றேன்.
"எந்த மரத்தடியில்னு."

எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
கல்யாண வீட்டில்போலச் சிரித்தேன்.
பாதியில் அண்ணன் ஞாபகம் வர
மிச்சச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றினேன்.

சிறுவர்கள் அவன் சாவதை விளையாடினார்கள்.
எல்லோருக்கும் அவனாக இருக்கத்தான் ஆசை.
அவனுக்குத்தானே
விழுந்து புரள அதிக நேரம்.
சுடுவதற்கு ஆள் கிடைக்காமல்
என் தம்பி மகளே சுட்டாள்,
விளக்குமாற்றால்.

அத்தனை அமளியிலும்
ஒரு போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது.
உடைந்து, நூல் சுற்றிய போன்.
யகானாவுடையது.
ஆறு வருஷமாக, ஒன்றுவிட்டு ஒருநாள்
சார்ஜ் போடுகிறாள்.
அதிலிருந்து யாரையும் அழைத்ததில்லை.
பன்னிரண்டு வயதில்
அவர்கள் லாரியில் ஏற்றிப்போன அபாச்சாவுக்கு
மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.
அவனுக்கு இப்போது பதினெட்டு.
கடத்தப்பட்டவன் என்கிறது
அவள் மடியிலுள்ள காகிதம்.
முகாம் வேறொரு சொல் வைத்திருக்கிறது,
அவள் கடந்துபோன பிறகு சொல்வதற்கு.

விளக்கேற்றும் நேரத்தில் வந்தாள்.
தெருவில் இன்னும்
தட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
எல்லோரையும்போல "நிஜமா?" என்று கேட்கவில்லை.
"அவன்கூட எத்தனை பேர்?" என்றாள்.

முப்பதுக்கு மேல் என்றிருந்தது ரேடியோ.
தெரியலை என்றேன்.

பேட்டரியைப் பார்த்தாள், நிறைந்திருந்தது.
நூறு நைராவைப் பலகையில் வைத்தாள்.
இன்று எல்லோருக்கும் இலவசம் என்றேன்.
ஏன் என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
அவள் நோட்டைத் திரும்ப எடுக்கவில்லை.
"வியாழக்கிழமை கொண்டுவர்றேன்" என்றாள்.

வெளியே, தம்பி மகளின் குரல்:
"செத்தது போதும், எழுந்திரு.
இப்போ என் முறை."