இடப்பக்க மூச்சு

ஈசூன் நீச்சல் குளம், ஓரத்துத் தடம்.
உங்களுக்குத் தலைக்கனம் ஆன்ட்டி
என்கிறாள் நஸ்ரின், என் வயதில் பாதி.
தலையைத் தூக்கினால் கால் முங்குமாம்.
எதிர்ச் சுவரை விடுங்க, தரையைப் பாருங்க.

பார்க்கிறேன்.
நீலக் கட்டங்களுக்கு நடுவே
யாரோ விட்டுப்போன பிளாஸ்டர்.
அதைத் தாண்டியதும்
முழங்கை உயர, இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
பாதி காற்று, பாதி குளோரின்.

ஏழாம் முறை
ஒரு காது தண்ணீரிலேயே கிடக்க
முழுசாக வந்தது ஒரு மூச்சு.
அதற்குள் மின்னல் எச்சரிக்கைச் சங்கு.
எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டார்கள்.

வீடு திரும்பும் பேருந்தில்
கைப்பிடியைப் பற்றி நின்றபடி
முழங்கையை உயர்த்துகிறேன்,
இடப்பக்கம் சாய்ந்து வாய் திறக்கிறேன்.
மறுபடியும்.

பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன்
பதறி எழுந்து
இடம் தருகிறான்.