விறகு பற்றிக் கேட்டிருக்கலாம்

இன்னும் ஐந்து வருடம் பொறுத்திருந்தால்
ஓய்வூதியம் முழுதாக வந்திருக்கும்.
தௌனோ பொறுக்கவில்லை.
வரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம்
ஊரார் கணக்கைக் கூட்டிக் கழித்த நான்
மின்கட்டண உறையின் முதுகில்
மாதத்துக்கு எவ்வளவு வெட்டு என்று எழுதிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடியெடுத்துப் படித்தான்.
"இவ்வளவுக்கு எத்தனை நாள் வெயில் வரும்?"
அந்தக் கணக்குக்கு என்னிடம் வாய்பாடு இல்லை.

முப்பத்திரண்டு குளிர்காலம் பனிவாரி ஓட்டியவன்.
கயானி ஊரே போர்வைக்குள் கிடக்க
மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து
திரைச்சீலையை விலக்காமலே சொல்வான்:
"விழுந்திருக்கிறது. ஒரு சாண்."
வெளியே ஓசை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்தே
அளந்துவிடும் காது.
போய்ப் பார்த்தால் ஒரு சாண்தான்.
ஒரு விரற்கடை முன்பின் இருக்கலாம்.

வாரிக் குவித்த பனி கரையும்போது
மார்ச், ஏப்ரலில் கையுறைகள் முளைக்கும்.
எல்லாம் ஒற்றை.
பிள்ளைகள் தொலைத்தவை, குடிகாரர்கள் தொலைத்தவை,
முத்தமிடக் கழற்றி மறந்தவை
(இது அவன் ஊகம்).
வேலிக் கம்புகளில் மாட்டி வைப்பான்.
ஜூன் வரை யாரும் தேடி வராதவை
எங்கள் வீட்டு அட்டைப்பெட்டிக்கு வந்துவிடும்.

வீட்டை விற்றோம். படகை விற்றோம்.
சௌனாவின் மரவாளியைக்கூட
பக்கத்து வீட்டு ஹில்க்காவிடம் கொடுத்தாயிற்று.
பெட்டி மட்டும் வரும் என்றான்.
"வெயிலுக்குக் கையுறையா?"
சண்டை போட்டேன்.
விமானத்தில் அனுமதித்த இருபத்து மூன்று கிலோவில்
மூன்று கிலோ அது.

தவீராவில் அக்டோபர் வரை
கேட்டதெல்லாம் கிடைத்தது.
உப்பளத்தில் பூநாரை. தெருவோரம் சுட்ட மத்தி.
தௌனோவின் கழுத்து முதலில் சிவந்தது, பிறகு உரிந்தது.
கயானிக்குப் படம் அனுப்பினோம்.
பொறாமைப்படுவார்கள் என்று தெரிந்தே அனுப்பினோம்.

டிசம்பரில் மழை.
ஜனவரியில் வெளியே பதினாறு பாகை,
உள்ளே பன்னிரண்டு.
கல் தரை, கல் சுவர், நடுங்கும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்.
வீட்டுக்குச் சூடு வேண்டும் என்று
கட்டியவர் எவருக்கும் தோன்றவில்லை.
மைனஸ் முப்பதில்
சட்டையில்லாமல் கூடத்தில் உலாவியவன்
வெப்ப நாட்டில் குல்லாயோடு படுத்தான்.

வீட்டுக்காரர் அதெலினோவிடம் முறையிட்டோம்,
பாதி போர்ச்சுகீசில், மீதி பல் கிட்டுவதில்.
அவரே மேல்கோட்டோடு உட்கார்ந்து
சூப் குடித்துக்கொண்டிருந்தார்.
"குளிருகிறதா? வெளியே போங்கள்" என்றார்.
விளையாட்டாகச் சொல்லவில்லை.
விறகு அக்டோபரிலேயே வாங்கியிருக்க வேண்டுமாம்.
அக்டோபரில் நாங்கள்
கழுத்துக்குக் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு பெட்டி திறந்தது.
எனக்கு வலதுகையில் சிவப்பு,
இடதில் கட்டைவிரல் ஓட்டையான பச்சை.
அவனுக்கு இரண்டும் இடது.
அப்படியே காப்பி குடித்தோம்.
ஊர் பேர் தெரியாத நாலு பேரின் கைகள்
இரண்டு கோப்பைகளைப் பிடித்திருந்தன.

பிப்ரவரியில் பாதாம் பூத்து உதிர்கிறது.
அதைத் தென்னாட்டுப் பனி என்கிறது
சுற்றுலாத் துண்டறிக்கை.
தௌனோ மரத்தடியில் போய் நின்று
பூட்ஸ் முனையால் இதழ்களைத் தள்ளிப் பார்த்தான்.
"எடை இல்லை" என்றான்.

நேற்றும் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தான்.
எங்கோ ஒரு நாய். அதற்கப்பால் ரயில்.
"ஒன்றும் விழவில்லை."
குறையா, நிம்மதியா,
இருட்டில் குரலை வைத்து அளக்க
எனக்கு அவன் காது கிடையாது.
திரும்பப் படுத்து, சில்லிட்ட பாதத்தை
என் கெண்டைக்காலில் ஒட்டினான்.
"எடு" என்றேன்.
எடுக்கவில்லை.